பொது வாய்மொழித் தேர்வில் பொதுமக்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுகளின் தரம் குறித்துத் தங்கள் நாளிதழ் எழுதிய தலையங்கம், நெறியாளர்களையும் ஆய்விதழ்களையும் விரிவாகப் பேசிவிட்டு, ஆய்வாளர் தேர்வாளர்கள், அவையோர் முன் தம் ஆய்வை விளக்கிக் கேள்விகளுக்கு விடையளிக்கும் பொது வாய்மொழித் தேர்வைத் தொடாமலே விட்டது குறையாகப் பட்டது. ஆய்வேட்டை அளிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016இல் விதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2022ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகிவிட்ட நிலையில் அது சரியான முடிவே. ஆனால், அதனாலேயே வாய்மொழித் தேர்வின் பொறுப்பு கூடியிருக்கிறது.

நடப்பதோ வேறு. அறிவிப்பு துறையின் பலகையோடு நின்றுவிடுகிறது. முதுகலை மாணவர்களை வகுப்பிலிருந்து அழைத்துவந்து அமர்த்தி, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குகிறார்கள். அவையிலிருந்து எழும் கேள்விகளில் சில முதல் நாளே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டவை என்பது துறைக்குள் இருப்போர் அறிந்ததே. (பொன்னாடை, மதிய விருந்துச் செலவுகள் ஆய்வாளர் தலையில் விழுவது பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

கைத்தறி நெசவாளர் வருமானம் பற்றிய ஆய்வு ஒன்றின் வாய்மொழித் தேர்வுக்கு, எங்கள் பகுதி நெசவாளர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் கணக்கிடப்பட்டிருந்தது. அவர் எழுந்து, "ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் நெய்வதற்கான பாவு நூலை விரிக்க முடியாதே, அந்த மாதங்களையும் சேர்த்தா கணக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டார். ஆய்வாளரிடம் பதில் இல்லை. புறத்தேர்வாளர், அதை மேலாய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்துவைத்தார். அட்டவணைகள் நிறைந்த அந்த ஆய்வேட்டின் அடிப்படைக் கணக்கையே அசைத்த கேள்வி, தறியில் உட்கார்ந்தவரிடமிருந்துதான் வர முடிந்தது.

கோட்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கு ஊரார் வந்து என்ன கேட்பார்கள் என்று சிலர் நகைக்கலாம். அதற்கு யாரும் வராவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் கண்மாய், உப்பளம், மீன்பிடித்தல், நெசவு என மக்களிடம் வினாத்தாள் நீட்டி எழுதப்படும் ஆய்வுகளில், விடை சொன்னவர்களுக்கு முடிவைக் கேட்கும் உரிமை உண்டு. பட்டம் கிடைத்தபின் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான 'சோத்கங்கா' இணையதளத்தில் ஏறுவது நல்லதுதான் என்றாலும், ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களை அவர்கள் தேடிப் படிக்கப் போவதில்லை.

ஆகவே, பல்கலைக்கழகங்கள் தேர்வுக்கு இரு வாரம் முன்பே, ஆய்வு நடந்த ஊரின் பொது நூலகத்தில் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் அழைப்பையும் வைக்க வேண்டும்; இணையவழித் தேர்வானால் இணைப்பையும் அதிலேயே தர வேண்டும். வெளியார் கேட்கும் கேள்விகளும் ஆய்வாளர் தரும் விடைகளும் தேர்வறிக்கையில் பதிவாகவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
அருப்புக்கோட்டை.