காலை முதல் அரைமணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்புகள் ஒரே அறையில், என் பொறுப்பில். நாலும் அஞ்சும் தலைமையாசிரியரிடம். மொத்தம் 41 பிள்ளைகள்.

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. பள்ளியில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் வாயே திறக்காத ஒன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை, வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நேரே வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், எங்க ஆடு..." என்றாள். என் கையில் போன். வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் வாசலில் இருக்கும் வேப்ப மரத்தடியில்தான் கிடைக்கும். "இரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பதிவு ஏறித் திரும்பி வர இருபது நிமிடம். "ஆடு என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மதியம் சாப்பாட்டு வரிசையில் அவள் அண்ணன்தான் சொன்னான், ராத்திரி அவர்கள் வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டதாக.

எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் போனை மேசைக்குள் வைத்துவிட்டு, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை டப்பாவைக் கவிழ்த்தேன். "ஒரு குட்டிக்கு எத்தனை கால்? வை பார்ப்போம்." நாலு வைத்தாள். அடுத்த குட்டிக்கும் நாலு. மூன்றாவது குட்டிக்கும் வைத்துவிட்டு, நான் கேட்காமலே இன்னும் நாலு எடுத்து வைத்தாள். "இது யாருக்கு?" என்றேன். "அம்மா ஆட்டுக்கு" என்றாள். இரண்டாம் வகுப்புப் பையன்கள் எட்டிப் பார்த்து "பதினாறு, பதினாறு" என்று கத்தினார்கள். அப்புறம் எல்லார் வீட்டு மாடும் கோழியும் தரைக்கு வந்துவிட்டன. கோழிக்கு ரெண்டு கால்தானே என்று ஒரு சண்டையே நடந்தது. நாலாம் வாய்ப்பாடு அங்கேதான் தொடங்கியது. குட்டி ஒன்றை விற்றுவிட்டார்கள் என்று பின்னால் ஒரு நாள் வந்து சொன்னவள், "இப்ப பன்னெண்டு கால் டீச்சர்" என்று கணக்கையும் சேர்த்தே சொன்னாள்.

திட்டங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் முறை, 2007-ல் எங்கள் பக்கம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு. நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பாட்டும் பொம்மையும் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். அதே ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு எங்கள் பள்ளிக்கும் வந்தது. பத்து மணிக்கே பசியில் சுருண்டு படுக்கும் பிள்ளை இப்போது இல்லை. உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, சொல்வதற்கு ஆயிரம் கதையோடு உள்ளே வருகிறது. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில்தான் நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகை, சாப்பிட்டவர் எண்ணிக்கை, கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் அரும்பா மொட்டா மலரா என்ற நிலை, எல்லாமே பதிவேற வேண்டும்.

சட்டப்படி எங்கள் பள்ளியில் ஆசிரியர் குறைவு இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆனால் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும், ஐந்து வகுப்புக்கான பதிவும் என் ஒருத்தியிடம். "பாடி ஆடிக்கிட்டே இருந்தா பிள்ளைங்க எப்ப எழுதுவாங்க டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லிவிடுவேன், அந்தப் புளியங்கொட்டையைக் காட்டினால் போதும். செயலிக்கு அப்படிக் காட்ட முடியவில்லை.

கல்வித் துறையிடம் நான் கேட்பது இதுதான். முதல் மணி அடித்ததிலிருந்து அரைமணி நேரம் எந்தப் பதிவும் கேட்காதீர்கள். வருகையைப் பதிவேட்டில் பேனாவால் குறித்துக்கொள்கிறோம்; சமையலுக்கு வேண்டிய எண்ணிக்கையைத் துண்டுச் சீட்டில் சத்துணவு அமைப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்; செயலியில் மதிய இடைவேளைக்குள் ஏற்றிவிடுகிறோம். ஈராசிரியர் பள்ளிகள் நாலைந்துக்குச் சேர்த்து, பதிவு வேலைக்கென்று ஒருவரை அமர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பணம் வேண்டும், நாளாகும், தெரியும். முதல் கோரிக்கைக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.