அப்படி ஒரு தேதியே இல்லை

அன்பு மகளுக்கு,

"போன்ல தேடினா ஒரு நொடியில வந்துடுமே, இதுக்குப் போய் நண்பர்களெல்லாம் சேர்ந்து ஆளுக்கொரு வினாடி வினாக் கேள்வி கேட்டு, பதிலுக்கு ஒரு நாள் காத்திருக்கீங்களே அப்பா" என்று போன தடவை பேசும்போது சிரித்தாய். நியாயமான கேள்விதான்.

தேடினால் வந்துவிடுகிற கேள்விகளை நாங்களும் மதிப்பதில்லை. நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்று யாராவது கேட்டால், 1337 முதல் 1453 வரை, 116 ஆண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். 'உலகிலேயே முதல்' என்று தொடங்கும் கேள்வி அதைவிட மோசம். சண்டையில்தான் முடியும்.

போன வாரம் நான் போட்டது இது: 1752 செப்டம்பர் 3ஆம் தேதி லண்டனில் என்ன நடந்தது? பாவம், தீ விபத்து, அரச குடும்பம், போர் என்று ஆளாளுக்குத் துழாவினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, அங்கே அப்படி ஒரு தேதியே வரவில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிய பிரிட்டன், செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாளை 14, வியாழன் என்று வைத்துக்கொண்டது. கிழமை தப்பவில்லை, தேதி மட்டும் தாவியது.

விடை சொன்னவர் பதிலுக்கு ஒன்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். அவர் கேட்டார்: 1917இல் ரஷ்யாவில் நடந்த அக்டோபர் புரட்சிக்கு ஆண்டுவிழா ஏன் நவம்பர் 7இல்? ரஷ்யா நாட்காட்டியை மாற்றியதே 1918இல்தான். புரட்சி நடந்த அன்று அங்கே அக்டோபர் 25. இன்னொருவர் விடவில்லை. 1582இல் போப் பதிமூன்றாம் கிரிகோரி இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது கழித்தது 10 நாள். பிரிட்டன் மட்டும் ஏன் 11 நாளைக் கழித்தது? நடுவில் வந்த 1700ஆம் ஆண்டு செய்த வேலை அது. பழைய கணக்கில் அது லீப் ஆண்டு, புதிய கணக்கில் இல்லை. தாமதித்ததற்கு ஒரு நாள் வட்டி! அன்றிரவு உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இந்தா, உனக்கும் ஒன்று. ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரேசா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவில். மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்கள். அடக்கம் நடந்த தேதி என்ன? வேண்டிய தகவல் எல்லாம் மேலேயே இருக்கிறது. சொல்லிவிட்டால் நீயும் பதிலுக்கு ஒன்று கேட்டாக வேண்டும்.

அப்பா