கப்பல் பட்டியலில் ஊர் இருக்கிறது, இங்கேதான் கதவு திறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் பூர்வீக ஊர் தெரிந்துவிடும் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் நம்புகிறார்கள். தெரியாது. அது தென்னிந்தியா என்ற அளவோடு நின்றுவிடும். சொந்தக்காரர்களைக் காட்ட வேண்டுமென்றால் இங்குள்ள பங்காளிகளும் அதே நிறுவனத்தில் எச்சில் கொடுத்திருக்க வேண்டும், யார் கொடுத்தார்கள்? போதாததற்கு நாம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவு போலத் தெரியும்.

வழிகாட்டுவது காகிதம்தான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர்ப்பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி இருக்கும். வட ஆர்க்காடு என்றிருந்தால் இன்றைய வேலூர் பக்கமாகவும் இருக்கலாம், ஆந்திராவாகவும் இருக்கலாம், சித்தூர் அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1911-ல்தானே.

டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நானும் அலைந்தேன். எந்த நிலம் யாருடையது என்று ஊர்வாரியாக எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேட்டுப் போன அலுவலகத்தில், "சொத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் குலதெய்வத்தின் பெயரை வைத்துக் கோயில் பூசாரியைப் பிடித்தோம், அவர் தலைக்கட்டு வரி நோட்டைப் புரட்டி ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். தன் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்றார் பெரியவர். அதன் பிறகுதான் டிஎன்ஏ உதவியது: தகப்பன் வழியில் அநேகமாக மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோம் இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போனது. அதை மட்டும் வைத்து இன்னார் பேரன் என்று சொல்லிவிட முடியாது, கப்பல் பட்டியலும் குலதெய்வமும் சேர்ந்ததால்தான் நம்பினோம்.

'வேர்களைத் தேடி' திட்டத்தில் அயலகத் தமிழ் இளைஞர்களை அரசு அழைத்து வந்து கோயில்களையும் கோட்டைகளையும் காட்டுவது நல்ல காரியம். அப்படியே 19-ஆம் நூற்றாண்டு செட்டில்மெண்ட் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க விட வேண்டும். நிலமில்லாதவர்கள் பெயர் அதில் இருக்காது, போனவர்களில் பலர் நிலமில்லாதவர்கள்தான், சரி, ஆனாலும் ஊர்ப்பெயரை உறுதிசெய்ய அது போதும். வாசகர்களும் தங்கள் வீட்டில் கப்பலேறிப் போனவர் கதை இருந்தால், அவர் பெயர், தகப்பன் பெயர், குலதெய்வம் மூன்றையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

– ஒரு வாசகர், குடியாத்தம்