கொடியடுப்புக் கணக்கு

செம்பூர், மும்பை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் "கோபன்ஹேகனில் எங்கள் வீட்டு வெந்நீரே கரண்ட் எடுக்கிற ஸ்டேஷனிலிருந்துதான் வருகிறது, 90 சதவீத எஃபிஷியன்சி, நம் ஊரில் 35-தானே அப்பா" என்றாய். முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவனிடம் இப்படிச் சொன்னால் தூக்கம் வருமா?

உன் கணக்கு சரிதான். ஆனால் அதில் கரண்ட், சூடு என்று இரண்டு சரக்கு கலந்திருக்கிறது.

ஆச்சி வீட்டுக் கொடியடுப்பு ஞாபகம் இருக்கிறதா? பெரிய வாயில் உலை, பக்கத்து வாயில் தனி விறகு இல்லாமலே ரசம். உங்கள் ஸ்டேஷனும் அதேதான். சாதாரண ஸ்டேஷனில் 540 டிகிரி ஸ்டீம் டர்பைனைச் சுற்றிவிட்டு, 40 டிகிரி வாக்கில் கண்டென்சரில் தண்ணீராகிறது. சூடு பெரும்பாலும் கைவிட்டுப் போவது அங்கேதான், ஒரு கிலோ ஸ்டீமுக்கு 2,000 கிலோஜூலுக்கு மேல். இங்கே டிராம்பே ஸ்டேஷனில் அதைக் கடல் வாங்கிக்கொள்கிறது. 40 டிகிரியை வைத்து உன் வீட்டு ரேடியேட்டரைச் சுட வைக்க முடியாது. அதனால் அங்கே ஸ்டீமை 100 டிகிரி வாக்கிலேயே வெளியே எடுத்துவிடுகிறார்கள். கரண்ட் குறையும். 100 பங்கு எரிபொருளுக்கு 40 வரவேண்டியது 30 என்று வை; கூடவே 60 பங்கு வெந்நீர். கூட்டினால் 90.

ஆனால் கொடியடுப்பின் பக்கத்து வாயில் உலை கொதிக்காது, அம்மா! வெந்நீர்ச் சூடும் அப்படித்தான். பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோ 1824-இல் தொடங்கிவைத்த கணக்குப்படி, வெளியே 0 டிகிரி என்றால், 90 டிகிரிச் சூட்டிலிருந்து எப்பேர்ப்பட்ட இயந்திரமும் கால் பங்குதான் வேலை வாங்கும். அந்த 60, கரண்டாகப் பார்த்தால் அதிகபட்சம் 15. ஆக 45. தனி ஸ்டேஷனின் 40-ஐ விட ஐந்துதான் கூட.

உங்கள் ஊரை மட்டம் தட்டவில்லை. 10 பங்கு கரண்டை விட்டுக்கொடுத்து 60 பங்கு சூடு வாங்குவது நல்ல வியாபாரம். விட்ட கரண்டை வேறு இடத்தில் எடுக்க 25 பங்கு எரித்தால் போதும். அந்தச் சூட்டுக்கென்று தனி பாய்லர் வைத்தால் 65-க்கு மேல் எரிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஆலையில் பாய்லர் 40 கிலோ பிரஷர், சாயப் பட்டறைக்கு 4 கிலோ போதும். நடுவில் ஒரு வால்வு, பிரஷரைச் சும்மா கொன்றுகொண்டிருந்தது. 'உய்ய்' என்று ராத்திரி முழுக்கச் சத்தம். அந்த இடத்தில் ஒரு பேக் பிரஷர் டர்பைன் (சுற்றிய ஸ்டீமைத் தண்ணீராக்காமல், 4 கிலோ பிரஷரிலேயே பட்டறைக்கு விடுவது) வைத்தால் கரண்ட் கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுத்த காகிதம் மேஜை மேஜையாகச் சுற்றியது. கடைசியில் டர்பைன் வந்தது. நான் ரிட்டயர் ஆன பிறகு! இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, வெந்நீரை மும்பைக்காரன் மே மாதத்தில் என்ன செய்வான்? அதனால்தான் நம் நாட்டில் இந்த வேலை சர்க்கரை ஆலையிலும் காகித ஆலையிலும் நடக்கிறது. அங்கே வருகிற ஸ்டீம் அத்தனையும் அங்கேயே செலவாகும்.

ஒன்று செய். ரேடியேட்டரின் இரண்டு குழாயையும் தொட்டுப் பார். உள்ளே வருவது சுட வேண்டும், திரும்பிப் போவது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதுவும் சுட்டால் வால்வைக் கொஞ்சம் மூடு. திரும்பும் தண்ணீர் எவ்வளவு ஆறிப் போகிறதோ, ஸ்டேஷனுக்கு அவ்வளவு நல்லது. பார்த்துவிட்டு எழுது.

பருப்புப்பொடி பார்சலில் வருகிறது. அம்மா கட்டியது, எடை கூடிவிட்டது.

அப்பா