கிழக்குச் சுவர்க் கண்ணாடி மூச்சுவிட வழி விடுங்கள்

மண்டபப் பராமரிப்புக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாசற்கூடத்தின் ஈயக்கண்ணாடிக்கு, அதாவது நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டிகளால் கோத்த ஜன்னலுக்கு, வெளியே அடித்த பொலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறோம். பந்து பட்டு உடையக்கூடாது என்ற எண்ணம் நல்லதே. நாலு பக்கமும் சிலிக்கன் பூசி அடைத்தது யார் யோசனை?

நுவரெலியாக் குளிரில், நடுவே அகப்பட்ட ஈரம் விடியுமுன் கண்ணாடியில் துளித்துளியாகப் படிகிறது. வெளியேற வழியில்லை. போதாததற்கு, பூசியது வினாகிரி வாடை வீசும் மலிவுச் சிலிக்கன். அது காயும்போது வெளிவிடும் அசற்றிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். கீழ்வரிசை ஈயப்பட்டிகளில் கோலமாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது தூசி அல்ல, அரிபட்ட ஈயம். அதைத்தான் ஈர்க்குமாறால் தட்டிப் பெருக்குகிறார்கள். நஞ்சு, ஐயா. கையுறை போட்டு ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைத் தனியே கட்டி அகற்றவேண்டும். பட்டி மெலிந்தால் மேல்வரிசைகளின் பாரம் தாங்காமல் சட்டம் வயிறு தள்ளும், பற்றாசு உருக்கி ஒட்டிய மூட்டுகள் விடும். பிறகு பந்தே தேவையில்லை.

தகட்டைக் கழற்றுங்கள். சிலிக்கனை மரச்சட்டத்தின் பக்கமிருந்து கத்தியால் அறுக்கவேண்டும். ஈயத்தில் அலகு படக்கூடாது, தின்னர் ஊற்றவே கூடாது. திரும்பப் பூட்டத்தான் வேண்டுமென்றால் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே 25 மில்லிமீற்றர் விட்டு, மேலும் கீழும் குறைந்தது 10 மில்லிமீற்றர் திறந்து வையுங்கள். குளவி கூடு கட்டாமலிருக்கத் துருப்பிடிக்காத வலை. திருகாணித் துளைகள் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்: 2 மீற்றர் தகடு 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். இறுக்கிப் பூட்டினால் நெளியும், நெளிந்த தகடு வெளிச்சத்தையும் நெளிக்கும்.

அந்த வெளிச்சத்துக்காகத்தானே இந்தச் சுவர்? மார்ச் மாதம் காலை ஏழரை அளவில், 9 அடி உயரத்திலுள்ள மேல்வரிசையின் நிறம் கூடத்துக்குள் 27 அடி வரை நீண்டு விழும். ஒன்பதேகாலுக்குள் 9 அடியாகச் சுருங்கிவிடும். ஜன்னல் பாதி வேலை, தரை மீதி. 1951இல் திறந்த பிரான்சின் வான்ஸ் தேவாலயத்தில் ஓவியர் மத்தீஸ் மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்றே நிறக் கண்ணாடி வைத்துச் சுவர்களில் வெள்ளை ஓடு பதித்தார். நிறம் விழ இடம் வேண்டுமே. நீங்களோ பிரமுகர் வருகைக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தை இன்னும் சுருட்டவில்லை. நீலம் அதில் விழுந்தால் கறுப்பாகத்தான் தெரியும். பிரமுகர் போய் எத்தனை மாதம்?

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து அறைக்கு ஒரு கதவும் ஒரு ஜன்னலும் போதுமென்று கணக்குப் போட்டவர்களின் புத்தி இன்னும் போகவில்லை போலும். மலையகத்தாருக்கு வெளிச்சம் என்றாலே கஞ்சத்தனம். ஒரு பொதுச் சுவரில் கொஞ்சம் நிறம் விழுந்தால் அதற்கும் தகடு!

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. மே மாதம் தென்மேற்கு மழை பிடிப்பதற்குமுன் தகட்டைக் கழற்றித் தாருங்கள். கம்பளத்தையும் தயவுசெய்து சுருட்டுங்கள். சிலிக்கனை அறுக்கும்போது பக்கத்தில் நின்று காட்டித்தர ஆள் அனுப்புகிறோம். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஈயக்கண்ணாடி வேலை செய்வோர்