கறுப்பிக்குக் கோடு போட்டுத் தந்த கைக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாம் தாமான் குடியிருப்பு உறவுகளுக்கும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது கறுப்பி பேருக்கும் ஒரு தேங்காய் உடைத்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நாய் கறுப்பி காய்ச்சலில் படுத்த கதையைத் திரும்ப எழுதப் போவதில்லை. கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்டவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. இன்று காலை 38.7 டிகிரி, நாய்க்கு அது இயல்பான சூடுதான். காய்ச்சல் விட்டு ஐந்து நாள் ஆகிறது. கிண்ணத்தை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே வாசல்வரை போய்விட்டாள். நோய்க்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை நன்றியைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதல் நன்றி ஒரு கட்டம் போட்ட பள்ளி நோட்டுக்கு.

மூன்றாவது வரிசை வீட்டு அக்கா அரசாங்க மருத்துவமனை லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாய் என்றால் பயம். கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "ரிப்போர்ட்டு அத்தனையும் கொண்டா தம்பி" என்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அந்த நோட்டு வந்தது. மூன்று கிளினிக்குகளின் பதினொரு தாளும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தன. இடப்பக்கம் தேதி, மேலே காய்ச்சல், எடை, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு), வெள்ளை அணு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு), கொடுத்த மருந்து. ஒரு லேப் பிசிவியை 0.27 என்று போடும், இன்னொன்று 27 என்று போடும், இரண்டும் ஒன்றுதான். பிளேட்லெட்டை ஒருவர் 38 என்பார், மற்றவர் 38,000 என்பார், அதுவும் ஒன்றுதான். தனித்தனித் தாளாகப் பார்த்தால் தலை சுற்றும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி வரிசையாக எழுதினால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கண்ணில் படும். நாய்க்கு பிசிவி 37 முதல் 55 வரை இருக்கவேண்டும். கறுப்பிக்கு 27, 29, 33. மெதுவாகத்தான், ஆனால் ஏறுமுகம்.

அந்த 38,000-ஐப் பென்சிலால் வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "எண்ணுனது மெஷினா, மனுஷனா?"

விஷயம் இதுதான். ரத்தம் எடுக்கும்போது நாய் திமிறினால், ஊசி நரம்பில் ரொம்ப நேரம் தேடினால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட ஊதா மூடிக் குழாயை உடனே எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாமல் விட்டால், பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும், வீட்டில் அழுகை கிளம்பும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, முதலில் ஓரத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் பத்து இடம் எண்ணிச் சராசரி எடுக்கவேண்டும். ஓர் இடத்துக்கு ஒரு பிளேட்லெட் என்றால் ஏறக்குறைய 15,000 என்பது கணக்கு. மூன்று தெரிந்தால் பயப்படவேண்டிய நிலை. பத்து தெரிந்தால் மூச்சு விடலாம்.

டாக்டரிடம் நோட்டைக் காட்டியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் இங்கேயே கும்பிடு. உள்ளே போய்த் தானே தகட்டைப் பார்த்தார். ஓரத்தில் கட்டிகள். கட்டியில்லாத இடத்தில் சராசரி எட்டு. அதாவது குறைந்தது 120,000. குறைவுதான், ஆனால் ரத்தம் ஏற்றுகிற அளவுக்கு இல்லை. கிளினிக் தந்த செலவு எஸ்டிமேட்டில் இருந்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையைப் பேனாவால் அடித்து, "இது இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அந்த ஒரு கோட்டினால் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) மிச்சமானது என்று அக்காவிடம் சொன்னால் கூச்சப்படுவார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நோய்க்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை என்பதும் அதே பக்கத்தில் தெரிந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கான விரைவுச் சோதனையில், உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்குப் பாசிட்டிவ். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. பழைய தொற்று ஆறி மாதக்கணக்கானாலும் அது பாசிட்டிவாகவே காட்டும். கிருமியையே தேடுவது பிசிஆர், அது நெகட்டிவ். தேதியைப் பார்த்தால், அந்தக் கிருமிக்கான டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்கி ஆறாம் நாள் எடுத்த ரத்தம் அது. மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி இருந்தாலும் சிக்காமல் போகலாம். ஆக, இருந்தது என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால், மருந்தின் முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு ஊதாக் குழாய் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுங்கள். டெஸ்டுக்கு அனுப்புவதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். ஸ்டீராய்டுக்கும் இதே பேச்சுத்தான்: கொடுத்தபின் எடுக்கிற ரத்தம் வேறு கதை சொல்லும். ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டில் பார்க்கவேண்டியதற்கும் அக்கா தனிக் கட்டம் போட்டிருந்தார். தூங்கும்போது மூச்சை முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் முப்பதுக்குள் இருக்கவேண்டும். காலையில் கிண்ணத்தில் 1,000 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழிக்கவேண்டும். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லவேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், ஆனால் கறுப்பிக்கு ஈறும் கறுப்பு! கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கச் சிவப்பைப் பார்க்கலாம் என்று அக்காதான் சொன்னார், நாயைத் தொடாமலே. டாக்சிசைக்ளினை வெறும் வயிற்றில் தரக்கூடாது, மாத்திரைக்குப் பின்னால் ஒரு சோற்று உருண்டையும் போகவேண்டும். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். மூன்றே நாளில் வாலாட்டுகிறது என்று நிறுத்திவிடாமல் 28 நாளும் முடிக்கவேண்டும்.

நோட்டைத் திருப்பினால் பின்பக்கம் காசுக் கணக்கு. தேதி, என்ன செலவு, எஸ்டிமேட்டில் குறைந்தது எவ்வளவு, கூடினது எவ்வளவு, கட்டியது, பாக்கி. அதன் தலைப்பில் ஒரு வரி: "முடிவு எதுவா இருந்தாலும் மருந்து மாறாதுன்னா, அந்த டெஸ்ட் இன்னைக்கு எதுக்குன்னு கேளு." இதைக் கோபமாகக் கேட்டால் சண்டை வரும். நோட்டைத் திறந்து வைத்துக் கேட்டால் டாக்டரே உட்கார்ந்து பேசுவார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். நாயென்று தெரிந்தும் பின் சீட்டில் துண்டு விரித்து ஏற்றிக்கொண்ட காடிக்கார அங்கிள், தவணைக்குச் சம்மதித்த கிளினிக் கவுன்டர் தங்கச்சி, மழையில் குடை பிடித்துக் கேட்டைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), தோலும் எலும்பும் நீக்கி நெஞ்சுக் கறி கட்டித் தந்த சௌரஸ்தா பசார் கோழிக்கடைக்காரர், டார்ச் அடித்துச் சுவர் வெடிப்பிலெல்லாம் உண்ணி தேடிய பையன்கள். உண்ணி நாய்மேல் இருப்பதைவிட வீட்டு இடுக்கில் பதுங்குவதுதான் அதிகம் என்பதால், பையன்கள் செய்தது விளையாட்டில்லை. எதிர்வீட்டில் பூனை இருப்பதால் பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடிக்காமல் விட்டதும் நல்லதாயிற்று. பூனைக்கு அது விஷம். பாட்டி அனுப்பிய ரசச் சாதத்தில் பூண்டு இருந்ததால் அதை நாங்களே சாப்பிட்டோம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும் பாட்டி, தப்பாக நினைக்காதீர்கள். ரசம் அருமை.

பணம் தந்தவர்களின் பெயர்கள் நோட்டின் கடைசி நாலு பக்கத்தில், மொய் எழுதுகிற மாதிரி வரிசையாக இருக்கின்றன. மொய் என்றால் திரும்பச் செய்யவேண்டும். தாமானில் எந்த வாயில்லா ஜீவனுக்கு முடியாமல் போனாலும், அன்றிரவே ரிப்போர்ட்டுகளை வாங்கி, கோடு போட்டு, அலகு மாற்றி எழுதிக் கொடுப்பது இனி எங்கள் வீட்டு வேலை. அக்கா சரிபார்ப்பார், கேட்டுக்கு வெளியே நின்றுதான்.

அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை காலை. மாதிரி வார இறுதியில் லேப்பில் தேங்காமல் இருக்க அந்த நாள். எண் வந்ததும் கேட்டில் ஒட்டுகிறோம்.

அப்புறம், பச்சை மூடி போட்ட டிபன் டப்பா ஒன்றும், பிடி உடைந்த தூக்கு ஒன்றும் எங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன. யாருடையது என்று சொன்னால் கழுவிக் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
கறுப்பி வீட்டார்