புல்தரைக்குப் பராமரிப்பு நிதி உண்டா?

ஐயா, டெல்டா மாவட்டங்களில் செயற்கைப் புல்தரைத் திடல்கள் பெருகிவருவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். நீர் பாய்ச்சவும் புல் வெட்டவும் வேண்டாம் என்பதாலேயே அதைச் செலவற்றதாகக் கருதிவிடுகிறோம். உண்மையில், ஒழுங்காகப் பராமரித்தாலும் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகளே உழைக்கும் அத்தரையில், படுத்துவிட்ட இழைகளைத் தவறாமல் வாரி நிமிர்த்துவதுடன், இழைகளுக்கிடையே இட்டு நாளடைவில் குறையும் மணலையும் ரப்பர் துகள்களையும் அவ்வப்போது நிரப்பியாக வேண்டும். எங்கள் ஊர்த் திடலில் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு கோல் கம்பத்தின் முன்புறம் வழுக்கையாகிவிட, கறுப்புத் துகள்கள் பாசன வாய்க்காலின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன (அந்த நீர்தான் சம்பா வயலுக்குப் பாய்கிறது).

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே வடிகால், துகள் தடுப்பு வரப்பு, ஆண்டுப் பராமரிப்பு, தேய்ந்த தரையை அகற்றும் செலவு ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

– வாசகர், கும்பகோணம்